சமூகப்பணி படிக்க மனம் மட்டும் காணுமா? சாவகச்சேரித் தங்கச்சி ஒருவருக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இது: "உயர்தரம் கலைப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காக இருக்கிறேன். சமூகப்பணி படிக்க ஆசை. அப்பா, 'சனத்துக்கு உதவ மனமிருந்தால் காணும், அதுக்கு ஏன் ஒரு பட்டம்' என்கிறார். எங்கே படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும், இப்போதே எப்படித் தயாராகலாம்? இன்னொன்று அக்கா, ஆரும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். நான் இதற்குச் சரிவருவேனா?"

தங்கச்சி, அப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனம் மட்டும் காணாது. யாழ்ப்பாணத்தில் மனமுள்ளவர்களுக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு விறாந்தையையும் கிணற்றையும் திறந்துவிட்டது உங்கள் ஊர்தான். அப்பாவுக்கு அது நினைவிருக்கும். அந்த மனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் புருஷனிடம் அடிவாங்கித் தாய்வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணை, "பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டு போ" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறார்கள். அவளுக்கு எது நல்லது என்று அவளுக்குப் பதிலாக இவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். சமூகப்பணிப் படிப்பு முதலில் கைவைக்கிற பழக்கம் இதுதான். இன்னொருவரின் வாழ்க்கைக்குள் உதவி செய்யப் போகும்போது, முடிவை அவர் கையிலிருந்து பறிக்காமல் உதவுவது எப்படி என்பதைப் பழகத்தான் இத்தனை வருடப் படிப்பு.

இது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு உதாரணத்தால் காட்டுகிறேன். போரின் கடைசிக் காலத்தில் மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடுகிற ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தது. எத்தனையோ தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, "இறந்தார்" என்று சொல்லாமல் ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வந்தது. அது இருந்தால் நிவாரணம், காணி, வங்கிக் கணக்கு என்று சில காரியங்களைக் கொண்டுநடத்தலாம். இப்போது நீங்கள் அந்தத் தாயின் முன்னால் இருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பெரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். "எடுங்கோ அம்மா, உதவி கிடைக்கும்" என்று வாய்வரை வரும். அதைச் சொல்லாமல், சான்றிதழ் என்ன செய்யும், என்ன செய்யாது, எடுத்தபின் தேடுவதற்குத் தடை உண்டா இல்லையா என்பதைச் சரியாக விளக்கிவிட்டு, அவர் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், அதே மரியாதையோடு அடுத்த கிழமையும் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். சட்டம் தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது. பொறுமை இல்லாதவராலும் முடியாது. இரண்டும் பயிற்சியால் வருகிறவை.

பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957இல் தனியாள் பணிக்கு, அதாவது ஒருவரோடு தனியாக இருந்து உதவும் வேலைக்கு, ஏழு கொள்கைகளை வகுத்தார். இன்றுவரை எந்த ஊர்ப் பாடத்திட்டத்திலும் அவை இருக்கும். ஒவ்வொருவரையும் தனி ஆளாகப் பார்த்தல், உணர்ச்சியை வெளிவிட இடம்கொடுத்தல், நம் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுதல், உள்ளபடி ஏற்றுக்கொள்ளல், தீர்ப்பிடாமை, சுயதீர்மானம், இரகசியம் பேணல். சோதனைக்கு ஒரு மணித்தியாலத்தில் பாடமாக்கிவிடலாம். யாழ்ப்பாணத்தில் கடைப்பிடிக்க மிகக் கடினமானவை கடைசி இரண்டும்தான் என்பது என் அனுபவம்.

இரகசியத்தை எடுங்கள். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணிக்கு முன் வரும் கேள்வி, "பிள்ளை எந்த ஊர், ஆற்ற மகள்?" இரண்டு பெயர் சொன்னால் சொந்தம் வெளிப்பட்டுவிடும். உங்கள் பைலில் இருக்கும் பெண் உங்கள் மாமியோடு ஒரே கோயிலில் பூக்கட்டுகிறவராக இருக்கலாம். அப்புறம் கோயில் வீதியில் அவர் உங்களைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டால், நீங்களும் தெரியாதவர்போல் நடக்கத் தெரியவேண்டும். முதல் சந்திப்பிலேயே, "வெளியில் கண்டால் நான் முதலில் கதைக்கமாட்டேன், நீங்கள் கதைத்தால் கதைப்பேன்" என்று சொல்லிவைக்கும்படி மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதுண்டு. சிறிய காரியம், ஆனால் அந்த ஒரு வசனத்தில் எத்தனையோ பேருக்கு மூச்சு வருகிறது. அதேவேளை இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து, அல்லது ஒருவர் தன்னுயிரை மாய்க்கும் எண்ணத்தில் இருக்கிறார் என்றால் உரியவருக்கு அறிவித்தே ஆகவேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

வகுப்பில் என்ன படிப்பீர்கள் என்பதை நீட்டவில்லை. தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய ஒழுங்கமைப்பு, சமூகநல நிர்வாகம், ஆய்வு, அவற்றோடு உளவியல், சமூகவியல், சட்டம். எல்லாம் தேவை. ஆனால் பட்டத்தின் உயிர் களப்பயிற்சியில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்திலோ பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ உங்களை விடுவார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். எந்தப் படிப்பைத் தெரிவுசெய்வதென்றாலும் முதலில், "களப்பயிற்சி எத்தனை நாள், மேற்பார்வை யார்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத படிப்பு எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

களத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று. இடமும் ஆட்களும் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பையன் சில கிழமைகளாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று வீட்டுத் தரிசிப்புக்கு ஒரு மாணவி போனார். வீட்டுத்திட்டத்தில் தொடங்கிப் பூசாமல் நிற்கிற கல்வீடு. மாமியார் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டு, பக்கத்திலேயே தானும் இருந்துகொண்டார். மாணவி கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியார்தான் பதில். தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல் மிஸ், அதுதான்" என்று மட்டும் சொன்னார். புதியவர்கள் இந்த இடத்தில் போமை நிரப்பிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். இந்த மாணவி கால் கழுவவேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனார். தாய் வாளியோடு பின்னால் வந்தார். அங்கே ஐந்து நிமிடத்தில் கதை வந்தது. புதன்கிழமை நுண்கடன்காரர் வருவார், மூன்று இடத்தில் கடன், மகன் சீமெந்துக்கல் அரிகிற இடத்தில் நாட்கூலிக்கு நிற்கிறான், மாமியாருக்கு கடன் விசயம் தெரியாது.

அன்று பின்னேரம் மாணவி எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: "தாய் பொறுப்பில்லாதவர். பிள்ளையின் கல்வியில் அக்கறை இல்லை. பொய் சொல்கிறார்." கிணற்றடியில் அவ்வளவு நுட்பமாக நடந்தவர் எழுதியதுதான் இதுவும். இருவரும் இருந்து அதைத் திருப்பி எழுதினோம்: "மகனுக்கு (வயது 15) காய்ச்சல் என்று மாமியார் முன்னிலையில் தாய் கூறினார். தனியே சந்தித்தபோது, மூன்று நிறுவனங்களில் கடன் உள்ளதாகவும், தவணை கட்டுவதற்காக மகன் வேலைக்குப் போவதாகவும் கூறினார். கூறும்போது இருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடன் பற்றி மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். என் கருத்து: தாய்க்கு மகனைப் படிப்பிக்க விருப்பம் இருக்கக்கூடும், அடுத்த சந்திப்பில் கேட்கவேண்டும்." கண்டது, கேட்டது, நாம் ஊகித்தது மூன்றும் தனித்தனியே நிற்கவேண்டும். சமூகப்பணியின் முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917இலேயே இதைத்தான் வற்புறுத்தினார், ஆதாரம் வேறு, அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு வேறு என்று. முதல் குறிப்பு பைலில் இருந்திருந்தால், அடுத்து வருகிற உத்தியோகத்தர் அந்தத் தாயைப் பார்க்காமலே அவரைப் பற்றி முடிவெடுத்திருப்பார். இரண்டாவது குறிப்பிலிருந்து வேலை தொடங்குகிறது: கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16 வரை என்பதால் பையன் பாடசாலையில் இருக்கவேண்டியவன், கடன்களைப் பட்டியலிட்டு நிறுவனங்களோடு கதைக்கவேண்டும், அரசின் அஸ்வெசும நிவாரணத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்கவேண்டும், வகுப்பாசிரியரிடம் எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்று தாயிடமே கேட்கவேண்டும்.

சரி, எங்கே படிப்பது. இலங்கையில் இந்தத் துறைக்கென்றே இருப்பது சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952இல் சமூகப்பணிப் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது, டிப்ளோமா பல காலமாக நடக்கிறது, 2005 முதல் இளமாணிப் பட்டமும் 2008 முதல் முதுமாணியும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொது விண்ணப்பத்தோடு இது வராது, தனியாக விண்ணப்பம் கோருவார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வரும்வரை வேறொன்றும் பார்க்காமல் இருந்து இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். அவர்களின் இணையத்தளத்தையும் ஞாயிறு பத்திரிகையையும் பார்த்துக்கொண்டிருங்கள். எந்த மொழிமூலத்துக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்பதைக் கவனமாக வாசியுங்கள்.

யாழ் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தால் கலைப்பீடத்தில் சமூகவியலோ உளவியலோ நல்ல அடித்தளம். வீட்டிலிருந்து போய்வரலாம் என்பது பல குடும்பங்களுக்குப் பெரிய விசயம், அதை நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் சமூகவியல் படித்ததால் மட்டும் சமூகப்பணியாளராகிவிட முடியாது. கடன் ஏன் பெண்களின் தலையில் விழுகிறது என்று சமூகவியல் விளங்கவைக்கும். அந்தக் கிணற்றடியில் எப்படிப் பேசுவது என்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆகவே அந்த வழியால் போனால் பிறகு சமூகப்பணியில் டிப்ளோமாவோ முதுமாணியோ செய்யத் திட்டமிடுங்கள். இந்தியாவில் முதுமாணி செய்யும் எண்ணம் இருந்தால், சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியும், மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக விஞ்ஞான நிறுவகமும் பழமையான இடங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அங்கே படிக்கும் சட்டமும் நிர்வாக அமைப்பும் இந்தியாவுடையவை. திரும்பி வந்து நம்முடையதைத் தனியாகப் படிக்கவேண்டியிருக்கும்.

வேலை பற்றி அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள். இது பட்டம் எடுத்த அன்றே கதிரை காத்திருக்கும் துறை இல்லை. ஆனால் கதவுகள் உண்டு. பிரதேச செயலகத்துக்கு ஒருநாள் போய் வரிசையாக மேசைகளைப் பார்த்தால் தெரியும்: சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை பார்ப்பவர். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர்கள். சுகாதாரத்துறையில் மனநலப் பிரிவோடு வேலைசெய்யும் சமூகப்பணியாளர்கள். அரசுக்கு வெளியே சிறுவர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள், யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளவளத்துணை செய்துவரும் சாந்திகம் போன்ற நிலையங்கள். அரச நியமனம் போட்டிப் பரீட்சையாலோ பட்டதாரி நியமனத்தாலோ வரும், அதற்கு வருடங்கள் ஆகலாம். தொண்டு நிறுவன வேலை உடனே கிடைக்கலாம், திட்டம் முடிய அதுவும் முடியும். போர் முடிந்த காலத்தில் இங்கே வரிசையாக நின்ற அலுவலகங்கள் இப்போது எத்தனை இருக்கின்றன என்று அப்பாவுக்கே தெரியும். முதல் சில வருடங்களுக்குச் சம்பளம் நிலையாக இருக்காது என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

இப்போதே செய்யக்கூடியது நிறைய உண்டு, அதில் முதலாவது சட்டம். சட்டத்தரணி அளவுக்கு வேண்டாம். ஒரு பெண் உங்கள் முன் வந்து நின்றால் அவருக்கு எந்த வாசல் திறக்கும் என்று தெரிந்தால் போதும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எடுத்து வாசியுங்கள், சிறிய சட்டம்தான். நீதவான் 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம், கட்டளை பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்கும்படி ஒரு சமூகப்பணியாளரைப் பணிக்கவும் செய்யலாம். உங்கள் தொழிலின் பெயர் சட்டப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்பதை அப்பாவுக்கும் காட்டுங்கள். பிறகு 1998ஆம் ஆண்டின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம், 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம். சிறுவர் முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேலைசெய்கிறவருக்கு, இங்குள்ள தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் தெரியவேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் திருமணமான பெண், சீதனமாகத் தன் பெயரில் வந்த காணியைக்கூடக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் காணாமல் போயிருந்தாலோ விட்டுவிட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி எடுக்கவேண்டும். காணி உறுதி கையில் இருந்தும் கந்துவட்டிக்குப் போகிற பெண்ணைப் பார்த்து, "காணியை வித்துக் கடனை அடைக்கலாமே" என்று சொல்லிவிடாதீர்கள். ஏன் முடியவில்லை என்பதை நீங்கள் முதலில் அறிந்திருக்கவேண்டும்.

அடுத்தது சிங்களம். பேச்சுச் சிங்களத்தோடு, கொஞ்சம் வாசிக்கவும் தெரியவேண்டும். தமிழில் முறைப்பாடு கொடுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் தான் சொன்னது என்ன மொழியில் எழுதப்பட்டது, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று வாசித்துச் சொல்லக்கூடியவராக நீங்கள் இருந்தால் அது ஒரு வாழ்க்கையை மாற்றும். ஆங்கிலம் பாடப்புத்தகத்துக்குத் தேவை, அது தானாக வரும்.

எழுதப் பழகுங்கள். தினமும் கண்ட ஒரு காரியத்தை, பஸ்ஸில் நடந்ததோ சந்தையில் நடந்ததோ, "நல்லவர்", "கெட்டவர்", "பாவம்" என்ற சொற்கள் இல்லாமல் பத்து வரி எழுதிப்பாருங்கள். முதல் நாளே விளங்கும், எவ்வளவு தீர்ப்பு நம் சொற்களுக்குள் இருக்கிறது என்று. தொண்டு செய்ய விரும்பினால் ஊர் சனசமூக நிலையம், முன்பள்ளி, முதியோர் சங்கம் போதும். ஆனால் சிறுவர் இல்லத்துக்குச் சில நாள் மட்டும் போய்ப் பிள்ளைகளோடு ஒட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். வந்துபோகிற ஒவ்வொரு அக்காவும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் காசில் இங்கே தையல் மெசினும் துவிச்சக்கரவண்டியும் ஆடும் கோழியும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், எத்தனையோ வீடு அதனால் நிமிர்ந்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவரை நிறுத்திப் படமெடுத்து, பெயரும் ஊரும் துன்பக்கதையும் சேர்த்து முகநூலில் போடுவது அவரின் பிள்ளைக்கு வகுப்பில் வலிக்கும். அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டு இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே உங்களை இப்படிப் படமெடுக்கச் சொல்வார்கள். மறுக்கலாம், மறுக்கவேண்டும்.

கடைசியாக உங்கள் அழுகை. அது உங்களைத் தகுதியற்றவராக்காது. கண் கலங்கினால் கலங்கட்டும், அந்தத் தாய் அதைப் பிழையாக எடுக்கமாட்டார். நீங்கள் அழத்தொடங்கி, அவர் எழும்பி உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து உங்களைத் தேற்றும் நிலைக்கு வந்தால்தான் பிரச்சினை, அன்றைய நேரம் அவருடையதாக இல்லாமல் போய்விடும். இதைப் பழகலாம். மேற்பார்வை என்பது இதற்கும் சேர்த்துத்தான், உங்களுக்குள் என்ன நடந்தது என்று பேசுவதற்கான இடம் அது. இன்னும் ஒன்றைக் கவனித்துப்பாருங்கள்: எந்தக் கதைக்கு அழுகை வருகிறது? எல்லாக் கதைக்குமா, அல்லது ஒரு குறிப்பிட்ட வகைக் கதைக்கா? உங்கள் வீட்டிலும் ஓர் இழப்பு இருக்கலாம். இங்கே இல்லாத வீடு எது? அப்படியென்றால் படிப்பு தொடங்குமுன் ஒரு நல்ல உளவளத்துணையாளரிடம் நீங்களே போய் இருந்து பேசுங்கள். மறுபக்கக் கதிரை எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் கழித்து வாய் திறக்கிறது, எந்தக் கேள்வி உதவியது, எது குத்தியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நேர்முகத் தேர்வில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்பார்கள். "சனத்துக்கு உதவ விருப்பம்" என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் உங்கள் பிரதேச செயலகத்தில் கண்டதையும், அந்தச் சட்டங்களில் வாசித்ததையும், பத்து வரி எழுதிப் பழகியதையும் சொல்லுங்கள். விண்ணப்பம் வந்தவுடன் எழுதுங்கள், போமை நிரப்பும்போது சந்தேகம் இருந்தால் பார்த்துச் சொல்கிறேன்.